நூற்று எண்பத்து நான்கு பெண்கள்

பதினேழாவது கடிகாரத்தையும் பெட்டியிலிருந்து உருவினாள் நிருபா ஜானி. முகப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு.

"இதுவும் பன்னிரண்டா?" என்றான் கேதன். லாரி ஆபீஸின் மூட்டை ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு, காகிதப் பொட்டலத்திலிருந்து காட்டியா என்ற கடலைமாவுப் பலகாரத்தையும் பச்சை மிளகாயையும் மாறி மாறிக் கடித்துக்கொண்டிருந்தான். "மாசி, பதினேழு கடிகாரத்தைத் திறந்தும் நேரம் தெரியாத ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். மணி பதினொண்ணு. எங்கிட்டக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்."

"அந்தப் பழைய பெட்டியை எடு."

கேதன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூலையில் தூசி படிந்து கிடந்த பெட்டியை இழுத்து வந்தான். போன வருஷம் எங்கேயோ போய் விலாசம் தவறித் திரும்பி வந்த சரக்கு. அதே கம்பெனி. சமயதீப் க்ளாக், மோர்பி. அதே நீல எழுத்து.

நிருபா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். ஒன்பது இருபது. மூன்று ஐம்பது. பத்தேகால். நாலு பத்து. ஒன்றுகூட இன்னொன்றுடன் ஒத்துப்போகவில்லை.

"இப்போ சொல்லு. ரெண்டு பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

"பழைய பெட்டியில வேலைக்காரங்க லஞ்சுக்குக் கிளம்பற நேரம் எல்லாம் இருக்கு. புதுசுல எல்லாருமே பன்னிரண்டுக்குத் தூங்கிட்டாங்க."

"கிண்டலாச் சொன்னாலும் பாதி சரி" என்றாள் நிருபா. "நம்ம ஊர்ல கடிகாரம் மாட்டற பொண்ணு கடைசியா என்ன செய்வா? பேட்டரி போட்டு ஓடுதான்னு பார்ப்பா. ஓடினா பேட்டரியைக் கழட்டிட்டுப் பெட்டியில வைப்பா. முள்ளு அந்த நேரத்துல நின்னுடும். ஒவ்வொரு கடிகாரமும் ஒரு பொண்ணோட கை பட்ட நேரம். புதுப் பெட்டியில ஒரு பொண்ணோட கையும் படல. மெஷின் முள்ளைப் பன்னிரண்டுல வச்சு மூடியிருக்கு. கப்பல்ல முழுசா வந்து இறங்கின சரக்கு. பெட்டி மட்டும்தான் மோர்பி."

கேதன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அப்போ அந்த நூத்து எண்பத்து நாலு பேர்?"

"அதுதான் கேஸ்."

நிருபா ஜானிக்கு வயது ஐம்பத்தொன்று. தொழிலாளர் துறையில் இருபது வருஷம் ஆலை ஆலையாக ஏறி இறங்கிய இன்ஸ்பெக்டர். ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கேதன் அவளுடைய அக்கா மகன்; 'மாசி' என்றால் சித்தி. அலுவலகத்தின் டிரைவர், புகைப்படக்காரன், டீ வாங்குபவன், வாய் எல்லாம் அவன்தான்.

கேஸைக் கொண்டுவந்தவர் கடிகார உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் நவல்பாய் தேத்ரோஜா. நேற்று மாலை மூச்சிரைக்க மாடியேறி வந்து, ஒரு பெரிய காகிதத்தை மேஜையில் விரித்தார். அதில் மூன்று கோடுகள். விற்பனை, அனுப்பிய சரக்கு, ஆட்கள்.

"ஓடு ஃபேக்டரி, பேப்பர் மில், எங்க கடிகாரம், எதை எடுத்தாலும் இந்த வருஷம் ஒரே கதைதான், நிருபாபென். மேல ரெண்டு கோடும் ஏறுது. கீழ் கோடு இறங்குது. சரக்கு போகுது, ஆளுங்களும் போறாங்க" என்றார். "அரசாங்கம் ஒரு உதவித் திட்டம் போட்டிருக்கு. ஒரு தொழில்ல ஆட்கள் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தா, வேலை போன எல்லாருக்கும் ஆறு மாசம் உதவித்தொகை, பயிற்சி. ஓடு ஃபேக்டரிக்காரங்களுக்குக் கிடைச்சிடுச்சு. எங்களுக்குக் கிடைக்கல. போன வருஷம் கடிகாரத்துல அஞ்சாயிரம் பொண்ணுங்க. இப்போ நாலாயிரத்து அறுபது. தொள்ளாயிரத்து நாற்பது பேர் குறைஞ்சிருக்காங்க. ஆயிரம் குறைஞ்சிருக்கணும்."

"அறுபது பேர் பாக்கி" என்றாள் நிருபா.

"அறுபதே பேர்! இதைப் பாருங்க." ஒரு கட்டுப் படிவத்தை நீட்டினார். "சமயதீப். எட்டு மாசமா நூத்து எண்பத்து நாலு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. ஃபேக்டரி ஆள் கையெழுத்துப் போட்ட எண்ணைத்தான் நான் அனுப்ப முடியும். இல்லேன்னா, மூடிட்டாங்கன்னு ஆதாரம் வேணும். நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்குள்ள கணக்கு காந்திநகர் அரசாங்க ஆபீசுக்குப் போய்ச் சேரணும்."

நிருபா படிவங்களைப் புரட்டினாள். "நூத்து எண்பத்து நாலு பொண்ணுங்க. எட்டு மாசம். நடுவுல கல்யாண சீசன் வேற. ஒருத்திக்குக் கல்யாணம் ஆகல, ஒருத்தி பிரசவத்துக்குப் போகல. நவல்பாய், இது ஆள் கணக்கு இல்ல. ஃபோட்டோ."

அந்தத் தொள்ளாயிரத்து நாற்பது பேரில் ஒருத்தி கேதனின் மனைவி தர்மிஷ்டா. ஆறு வருஷம் வேறொரு ஃபேக்டரியில் முள் பொருத்தியவள். தீபாவளிக்குப் பிறகு வேலை போயிற்று. நவல்பாய் பேசிக்கொண்டிருந்தபோது கேதன் ஒரு ஜோக்கும் அடிக்காமல் நின்றதை நிருபா கவனித்திருந்தாள்.

"கிளம்பு" என்றாள் இப்போது. "ஃபேக்டரி பூட்டியிருக்கும். பூட்டை ஒரு ஃபோட்டோ எடுப்போம். ஒரு மணிக்கு நவல்பாய் கையில கொடுத்துடலாம்."

"பூட்டைப் பிடிக்க ரெண்டு துப்பறியும் நிபுணர். நம்ம குடும்பத்துக்கே பெருமை, மாசி."

வண்டியைக் கிளப்பும்போது விசிலடித்தான்.

சமயதீப் ஃபேக்டரி ஊருக்கு வெளியே, வாங்க்கானேர் சாலையில் இருந்தது. பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கேதன் பிரேக் போட்டான். விசில் நின்றது.

பூட்டு இல்லை. கதவு அகலமாகத் திறந்திருந்தது.

உள்ளே வேப்பமரத்தடியிலும் சுவர் நிழலிலும் ஷெட்டின் தாழ்வாரத்திலும் பெண்கள். கும்பல் கும்பலாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பு மாவு ரோட்லாவும் கத்திரிக்காய்க் கறியும் மணத்தன. ஒருத்தி இன்னொருத்தியின் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துவிட்டு ஓட, நாலு பேர் துரத்தினார்கள். எல்லார் தலையிலும் ஃபேக்டரியின் வெள்ளைத் தொப்பி.

"மாசி" என்றான் கேதன் மெதுவாக. "அங்க இருக்கறது பேய்ன்னா, பேய் நல்லாச் சாப்பிடுது."

"எண்ணு."

உதட்டை அசைத்து எண்ணினான். இரண்டு முறை. "நூத்து எண்பத்தொண்ணு. மூணு பேர் லீவு போட்டிருப்பாங்க." அவன் முகம் தொங்கிவிட்டது. "படிவம் நிஜம். நாமதான் பொய். பன்னிரண்டு மணிக் கதையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு..."

மணி அடித்தது. பெண்கள் டப்பாவை மூடிக்கொண்டு, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வரிசையாக ஹாலுக்குள் போனார்கள். முற்றம் காலியானது.

நிருபா இறங்கி நடந்தாள். ஹாலின் வாசற்படியில் கால் துடைக்கும் சாக்கு ஒன்று கிடந்தது. குனிந்து அதிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அரிசியில் பாதி அளவு. சிவப்பு. வெயிலில் மின்னியது.

"கண்ணாடிக் கல்" என்றான் கேதன்.

"கடிகாரத்துக்குக் கல் பதிக்கற வழக்கம் எப்போ வந்தது?"

கதவைத் தள்ளினாள்.

நீண்ட ஹால். வரிசை வரிசையாக பெஞ்சுகள். ஒவ்வொரு பெஞ்சுக்கும் மேலே வெள்ளை விளக்கு. கடிகாரம் செய்யப் பழகிய விரல்கள் இடுக்கியால் கல்லை எடுத்து, பசை தொட்டு, பித்தளைத் தோடுகளில் பதித்துக்கொண்டிருந்தன. தட்டுத் தட்டாகத் தோடுகள், ஜிமிக்கிகள், நெற்றிச்சுட்டிகள். கடிகாரம் என்று அங்கே இருந்தது சுவரில் மாட்டியிருந்த ஒன்றுதான். அது ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று ஐந்து.

கதவு திறந்த சத்தத்தில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றன.

ஹாலின் கோடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. சூப்பர்வைசர் முக்தாபென் சாவ்டா.

"வேற யாராவது வருவாங்கன்னு நினைச்சேன்" என்றாள். "நீங்களா வரணும், இன்ஸ்பெக்டரம்மா?"

"இப்போ இன்ஸ்பெக்டர் இல்ல, முக்தாபென். சங்கத்துக்காக வந்திருக்கேன். எப்போலேர்ந்து இது?"

முக்தாபென் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நிருபா உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை.

"தீபாவளி முடிஞ்ச மறுவாரம் ரஜனி சேட் வந்தார். 'இனிமே கடிகாரம் முழுசாவே கப்பல்ல வந்துடும், முக்தாபென். பெட்டி மாத்த ஆறு ஆம்பளைங்க போதும்'னார். மூணு மாசச் சம்பளம் சேர்த்துக் கொடுத்தார். அதுல குறை சொல்லமாட்டேன். எல்லாரும் வாங்கிட்டு வெளிய வந்து அந்த வேப்பமரத்தடியில நின்னோம். ஒருத்தியும் வீட்டுக்குக் கிளம்பல. அஞ்சரைக்கு, வழக்கமா வேலை விடற நேரத்துக்குத்தான் கிளம்பினாங்க." சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "மறுநாள் காலையில எட்டரைக்கு வந்து பார்க்கறேன். அத்தனை பேரும் டிபன் டப்பாவோட கேட்ல நிக்கறாங்க. நான் யாரையும் வரச் சொல்லல, நிருபாபென். சாவி எங்கிட்ட இருந்தது. திறந்துவிட்டேன்."

"சேட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரி இருக்கார். ஹால் சும்மாத்தானே கிடக்கு."

"படிவம்?"

"மாசாமாசம் வரும். ஆள் எத்தனைன்னு கேட்டிருக்கும். நான் ஹாலைப் பார்ப்பேன். எழுதுவேன். எண்ணுல என்ன பொய் இருக்கு?"

கேதன் ஒரு தோட்டை எடுத்துப் பார்த்தான். "இதுக்கு என்ன கிடைக்குது?"

"பழைய சம்பளத்துல மூணுல ஒரு பங்கு வரும். கல்லும் தோடும் ராஜ்கோட் வியாபாரி ஒருத்தர் அனுப்பறார். வீட்டுல, கம்பெனி சம்பளத்தைக் குறைச்சிட்டான்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?" என்றான் கேதன். "இதை வீட்டுலயே உட்கார்ந்து செய்யலாமே. ஆட்டோ காசாவது மிஞ்சும்."

முதல் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். பிறகு அடுத்த பெஞ்சு. ஹால் முழுக்கச் சிரிப்பு ஓடி அடங்கியது. கேதனுக்குத் தான் என்ன ஜோக் சொன்னோம் என்று புரியவில்லை.

"பார்த்தீங்களா, முக்தாபென்?" என்றாள் முதல் பெஞ்சுக்காரி. பாருல் என்று பெயர். மூக்குத்தியும் கூர்மையான கண்ணுமாக, இருபத்தைந்து வயதுக்காரி. "எங்க மாமனார் வாயிலேர்ந்து அப்படியே வருது. இது தெரிஞ்சா முதல்ல இதைத்தான் சொல்லுவார். 'வீட்டுலயே செய்யேன்.' அதுக்கப்புறம் வாசப்படி தாண்ட நான் என்ன காரணம் சொல்லுவேன்?"

கேதன் தோட்டைத் தட்டில் வைத்தான்.

நிருபா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பதினைந்து. முக்தாபென்னை ஜன்னல் ஓரம் அழைத்துப்போய்ச் சொன்னாள். அஞ்சில் ஒரு பங்கு. ஆயிரம் பேர். அறுபது குறைவு. வேலை போனவர்களுக்குக் கிடைக்க வேண்டிய உதவி.

முக்தாபென் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்களாலயா?" என்றாள். "மத்த ஃபேக்டரிப் பொண்ணுங்களுக்குக் கிடைக்காதது எங்களாலயா?"

"நீங்க எழுதற எண்ணால."

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." மேஜை டிராயரைத் திறந்தாள். இந்த மாதப் படிவம். எண் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். "நீங்க சொல்லுங்க. பூஜ்யம்னா பூஜ்யம். எழுதித் தரேன்."

நிருபா கை நீட்டிப் பேனாவைத் தடுத்தாள்.

எண்ணை மட்டும் எழுதினால் போதாது என்று அவளுக்குத் தெரியும். குறைந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஊர்க் கணக்கரான தலாட்டி அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போய், "உங்க வீட்டுப் பொண்ணுக்கு வேலை போச்சாமே, நிஜமா?" என்று கேட்டு, மாமனாரிடமோ புருஷனிடமோ கையெழுத்து வாங்குவார். அந்த விதி எழுதப்பட்ட காலத்தில் அவள் அதே துறையில்தான் இருந்தாள்.

"நான் சொல்ல முடியாது" என்றாள். "அவங்களையே கேளுங்க."

முக்தாபென் ஹாலின் நடுவில் போய் நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அறுபது பேர் வேண்டும். பெயர் கொடுத்தால் வீட்டுக்கு ஆள் வரும். உதவித்தொகை இந்தத் தோட்டுக் காசைவிட அதிகம். ஆனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். "கட்டாயம் இல்ல. முடியறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் தூக்கியவள் ஒரு விதவை. வீட்டில் அவளும் அவள் மகளும்தான். அடுத்து ஒரு அக்காவும் தங்கையும். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கூட்டம். பத்து, பதினேழு, இருபத்தெட்டு. கேதன் எண்ணினான். முப்பத்தைந்து. நாற்பது.

நாற்பத்தொன்று.

அதற்கு மேல் இல்லை. நடுவில் ஒரு பெண் கையைத் தோள்வரை கொண்டுபோனாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். கையை இறக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாற்பத்தொண்ணு" என்றாள் முக்தாபென். "வேற யாராவது?"

நிமிஷ முள் இருபத்தைந்தைத் தாண்டியது.

கேதனால் தாங்க முடியவில்லை. முன்னால் வந்துவிட்டான்.

"பத்தொன்பது பேர்! இன்னும் பத்தொன்பதே பேர்! வெளிய தொள்ளாயிரம் பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அதுல என் பொண்டாட்டியும் ஒருத்தி. ஆறு வருஷம் முள்ளு மாட்டினவ. உங்களுக்கு அவளும் ஒரு அக்கா தங்கச்சி மாதிரிதானே? கொஞ்சம் மனசு வச்சா..."

"கேதன்" என்றாள் நிருபா.

"இருங்க மாசி."

பாருல் எழுந்து நின்றாள். கோபம் இல்லை அவள் குரலில். "கேதன்பாய், ஒண்ணு கேக்கறேன். அவங்களுக்கு வேலை போனது உங்க வீட்டுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"தெரிஞ்சதுக்கப்புறம், இந்த எட்டு மாசத்துல, அவங்க எத்தனை தடவை வெளிய போனாங்க?"

கேதன் சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்தான். யோசித்தான். நவராத்திரிக்குப் போனபோது அவளுக்கு வேலை இருந்தது, அது சேராது. ஒரு தடவை அம்மாவோடு கோயிலுக்கு. ஒரு தடவை பல்வலிக்கு டாக்டரிடம், அவனே கூட்டிப்போனான். அப்புறம்? அப்புறம் ஒரு கல்யாணம். இல்லை, அதற்கு அவள் வரவில்லை. யாராவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"ரெண்டு" என்றான்.

பாருல் உட்கார்ந்து இடுக்கியை எடுத்துக்கொண்டாள்.

முக்தாபென் கட்டத்தில் நூற்று நாற்பத்து மூன்று என்று எழுதினாள். நாற்பத்தொரு பெயர்களைத் தனிக் காகிதத்தில், ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, ஊர் பெயர் கேட்டு எழுதினாள். கேதன் இரண்டையும் படம் பிடித்து நவல்பாய்க்கு அனுப்பினான். ஒன்று நாற்பத்தெட்டு.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு நிருபாவின் ஃபோன் அடித்தது.

"கூட்டிப் பார்த்தேன்" என்றார் நவல்பாய். "தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணு. பத்தொன்பது குறையுது, நிருபாபென்!"

"தெரியும்."

"நீங்க உள்ளே இருக்கீங்க. பார்த்துட்டீங்க. உண்மையில எத்தனை பேர்? அதைச் சொல்லுங்க. சூப்பர்வைசரை வேற படிவத்துல, இன்னும் பத்தொன்பது பெயரோட, கையெழுத்துப் போட வைங்க. எட்டு நிமிஷம் இருக்கு."

நிருபா முக்தாபென்னைப் பார்த்தாள். முக்தாபென் இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். சொன்னால் எழுதிவிடுவாள். அது நிருபாவுக்குத் தெரிந்தது. பெஞ்சுகளில் நூற்று நாற்பது தலைகள் குனிந்திருந்தன. கல் பதிக்கும் சின்னச் சின்னச் சத்தம்.

"நிருபாபென்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சொல்லுங்க."

"அவங்க கையெழுத்துப் போட்ட எண் நூத்து நாற்பத்து மூணு, நவல்பாய்."

"நான் கேட்டது அது இல்ல."

"எங்கிட்ட இருக்கறது அதுதான்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு. பிறகு பெண்களின் பேச்சுச் சத்தம், நிறையப் பெண்கள். வேலை போய், சங்கத்தின் மாடிப்படியில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்கள். "கேக்குதா?" என்றார் நவல்பாய். "நான் இப்போ வெளிய போய் இவங்ககிட்ட என்ன சொல்ல?"

நிருபா ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள். அவரும் ஃபோனை வைக்கவில்லை. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆனது.

திடீரென்று அவளுக்கு உறைத்தது.

"நவல்பாய். உதவிதான் கிடைக்காதே. அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துடுங்க. நாற்பத்தொரு பேர் பெயர். அது போக வேண்டாம்."

"வந்ததுமே அனுப்பிட்டேன். பதிவாயிடுச்சு."

"திரும்ப எடுங்க."

"அது என் கையில இல்ல. உதவி கிடைக்குதோ இல்லையோ, பெயர் வந்தா சரிபார்க்க ஆள் போகும். அது தனிப் பிரிவு." பிறகு, "உங்களுக்கு இது தெரியாதா? நீங்க அங்கதானே இருந்தீங்க" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு நிருபா சுவரில் கையூன்றி நின்றாள். இருபது வருஷத்தில் எத்தனையோ முதலாளிகளை, எத்தனையோ பொய்ப் பதிவேடுகளைப் பிடித்திருக்கிறாள். பிடித்ததும் குற்றவாளி முழிப்பான். இங்கே முழிப்பது அவள்தான். அறுபதுக்குப் பத்தொன்பது குறைந்ததில் தொள்ளாயிரம் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கை தூக்கிய நாற்பத்தொரு பேரின் வீட்டுக்கு மட்டும் ஆள் போகப்போகிறது. அவள் வராமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

கேதன் பக்கத்தில் வந்தான். "நான் சொல்லட்டுமா, மாசி?"

"வேண்டாம். கேக்கச் சொன்னது நான்."

கடைசி பெஞ்சுகளுக்கு நடந்து போனாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உதவி கிடைக்கவில்லை. பெயர் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டாள். அந்த வார்த்தை அவள் வாயில் பழக்கமில்லாமல் தடுமாறி வந்தது.

அக்கா தங்கைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பசைக் கிண்ணத்தை மூடிக்கொண்டே சின்னவள் கேட்டாள்.

"தலாட்டி எப்போ வருவார்?"

"ஒரு வாரம் ஆகும். பத்து நாள்கூட ஆகலாம்."

"அப்போ இன்னும் ஒரு வாரம் வரலாம்" என்றாள் பெரியவள். தங்கை மூடியதைத் திறந்து பசையைத் தொட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கேதன் விசிலடிக்கவில்லை. நிருபா அலுவலக வாசலில் இறங்கும்போது, "மாசி, நாம வேற மாதிரி ஏதாவது செஞ்சிருக்கணுமா?" என்று கேட்டான்.

"தெரியல" என்றாள் நிருபா. மாடிப்படியில் இரண்டு படி ஏறி நின்றாள். "தெரிஞ்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன். வீட்டுக்குப் போ."

வீட்டில் தர்மிஷ்டா சமையலறை வாசலில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் அம்மா உள்ளே தொலைக்காட்சியில் பஜனை கேட்டுக்கொண்டிருந்தாள். கேதன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தான். உதவித்தொகை விஷயம் அவளுக்குத் தெரியும். நேற்றிரவே சொல்லியிருந்தான்.

"கிடைக்கல" என்றான்.

"ம்."

"பத்தொன்பது பேர் குறைஞ்சுபோச்சு." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பன்னிரண்டு மணிக் கடிகாரங்கள், வேப்பமரம், வெள்ளைத் தொப்பி, ஊறுகாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள், தோடுகள், தூக்கிய கைகள். பாருல் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டான். அவள் கோபப்படுவாள், அந்தப் பெண்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். சமாதானம் சொல்ல இரண்டு வாக்கியம்கூட வழியிலேயே யோசித்து வைத்திருந்தான்.

தர்மிஷ்டா மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பஜனை ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஹால்ல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

கேதன் நிமிர்ந்து பார்த்தான்.

"முள்ளு மாட்டினவளுக்குக் கல்லு பதிக்கறது கஷ்டமா என்ன?" என்றாள். "மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்கன்னு அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

உள்ளேயிருந்து அவன் அம்மா டீ கேட்டுக் குரல் கொடுத்தாள். தர்மிஷ்டா கையில் ஒட்டிய மாவை விரல் விரலாக உருவிவிட்டு எழுந்தாள்.

"நாளைக்குக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.